மெல்பர்னின் ‘ஓல்ட் இங்கிலிஷ்’ வீடு: இடிப்பதா, முகப்பை நிறுத்துவதா, பின்னால் கட்டுவதா?

மெல்பர்னின் கிழக்குப் புறநகர்களில் வீடு தேடுகிறவர்கள் கண்ணில் இந்த வீடு எப்படியும் பட்டுவிடும். செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை. தெருவைப் பார்த்த முக்கோணச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள். ஊதாவும் கறுப்பும் கலந்த கரடுமுரடான செங்கல். உயரமான புகைபோக்கி, ஈயப்பட்டையால் வைரக் கட்டங்களாகப் பிரித்த கண்ணாடி ஜன்னல், வளைவு வைத்த சின்ன வாசல். பெரும்பாலும் 1930களில் கட்டியதாக இருக்கும். கேம்பர்வெல், பால்வின், கியூ, மால்வர்ன், ஐவன்ஹோ என்று எங்கே போனாலும் தெருவுக்கு இரண்டு வீடாவது உண்டு. நிலம் தாராளம், சமையலறை நெருக்கடி, குளியலறை ஒன்றே ஒன்று.

வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதற்கு நான்கு வழிகள் சொல்வார்கள். மொத்தமாக இடித்துவிட்டுப் புது வீடு கட்டுவது, முகப்புச் சுவரை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் எல்லாவற்றையும் மாற்றுவது, முன்பகுதியையும் பெரிய கூரையையும் முழுசாக வைத்துக்கொண்டு பின்னால் சேர்த்துக் கட்டுவது, அப்படியே பழுதுபார்த்துக் குடியிருப்பது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு மூன்றாவதுதான் சரி. இரண்டாவது யாருக்கும் உதவாது. முதலாவதைப் பாவம் என்று நான் நினைக்கவில்லை, சில வீடுகளுக்கு அதுவே நியாயம். எந்த வீட்டுக்கு எது என்பது அந்த வீட்டின் மரபுமதிப்பு எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே பட்ஜெட்டுக்கு முன்னால் அதைப் பார்ப்போம்.

போலி டியூடருக்கு என்ன மதிப்பு?

இந்த வீடுகளைப் பார்க்கிற எவருக்கும் தோன்றும் கேள்வி இது. அந்த மரச்சட்டம் எதையும் தாங்கவில்லை. பெரும்பாலும் செங்கல் சுவரின் மேலோ தகட்டின் மேலோ அடித்த பலகைதான். டியூடர் அரசர்கள் ஆண்ட 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பண்ணைவீட்டுக்கு 1936-இல் போட்ட வேஷம். இங்கிலாந்திலேயே இதைக் கிண்டலடித்தார்கள். கேலிச்சித்திரக்காரர் ஆஸ்பர்ட் லங்காஸ்டர் 1938-இல் இந்தப் பாணிக்கு ‘பங்குத்தரகர் டியூடர்’ என்று பெயரே வைத்துவிட்டார். அப்படியிருக்க மெல்பர்னில் நிற்கும் நகலின் நகலை ஏன் கட்டிக் காக்க வேண்டும்?

ஆனால் ஆஸ்திரேலிய மரபுத்துறையில் இருப்பவர்கள் இதை டியூடர் வீடாக மதிப்பதில்லை. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் ஒரு ஆஸ்திரேலியப் புறநகர் தன்னை என்னவாக நினைத்துக்கொண்டது என்பதற்கான சாட்சியாகத்தான் மதிக்கிறார்கள். ‘இன்டர்வார் ஓல்ட் இங்கிலிஷ்’ என்ற பாணிப் பெயரிலேயே அந்தக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைய மெல்பர்ன்வாசிகள் பலர், அங்கேயே பிறந்தவர்கள்கூட, இங்கிலாந்தை ‘ஹோம்’ என்றுதான் சொன்னார்கள். அந்த ஏக்கம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஃபிட்ஸ்ராய் பூங்காவில் நிற்கும் குக் காட்டேஜைப் பாருங்கள். இங்கிலாந்தில் யார்க்ஷயரின் கிரேட் அய்ட்டன் கிராமத்தில், 18-ஆம் நூற்றாண்டுக் கடலோடி கேப்டன் குக்கின் பெற்றோர் கட்டிய வீடு அது. தொழிலதிபர் ரஸ்ஸல் கிரிம்வேட் அதை 800 பவுண்டுக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்துக் கப்பலேற்றி, 1934-இல் மெல்பர்ன் நகரத்தின் நூற்றாண்டுக்காக இங்கே திரும்ப நிறுத்தினார். குக் அந்த வீட்டில் வசித்தாரா என்பதே சந்தேகம். அசலைக் கப்பலில் கொண்டுவர வசதியில்லாதவர்கள் கேம்பர்வெலில் நகல் கட்டிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பணக்காரர்களின் ஆசை மட்டுமல்ல இது. டூராக், ஆர்மடேல் பக்கம் ராபர்ட் பெல் ஹாமில்டன் போன்ற கட்டடக்கலைஞர்கள் இதே பாணியில் பெரிய வீடுகளும் அடுக்ககங்களும் செய்தார்கள். அதே பத்தாண்டில் ஏ. வி. ஜென்னிங்ஸ் நிறுவனம் நடுத்தரக் குடும்பங்களுக்கு முரம்பீனாவில் போவில் எஸ்டேட்டையும் ஐவன்ஹோவில் போமான்ட் எஸ்டேட்டையும் போட்டது. எட்கர் கர்னி என்ற வடிவமைப்பாளர் வரைந்த அந்த வீடுகளில் ஓல்ட் இங்கிலிஷ் சாயலும் கலந்திருக்கிறது. மின்சார ரயில் வந்து புறநகர் நீண்டது, மந்தநிலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார்கள், கார் வாங்கினார்கள். அதனால்தான் இந்த வீடுகளில் பக்கவாட்டில் இரண்டு சிமென்ட் பட்டைகளாகக் கார் பாதை ஓடி, பின்னால் வீட்டுக்குப் பொருத்தமான ஒரு சின்ன காரேஜில் முடிகிறது. டியூடர் காலத்து அரசர்களுக்கு காரேஜ் கிடையாது!

செங்கல்லையும் சொல்ல வேண்டும். கிளிங்கர் என்று சொல்லும் இந்தக் கல், சூளையில் நெருப்புக்கு மிக அருகில் இருந்து அதிகம் வெந்து, கறுத்து, கோணிப்போனது. நம் ஊர்ச் சூளையில் இதை ஒதுக்கிப் போடுவார்கள். இங்கேயும் முன்பு அப்படித்தான். பழமைத் தோற்றத்துக்காக அதைத் தேடி வாங்கிய காலம் இது. அதனால் அந்தச் சுவருக்கு ஒருமுறை பெயின்ட் அடித்துவிட்டால் போனது போனதுதான். அந்தக் கரடுமுரடில் இறங்கிய பெயின்ட்டைக் கல்லைக் காயப்படுத்தாமல் எடுப்பது மிகக் கடினம்.

இன்னொன்று. இந்த வீடுகள் எழுந்தபோது வெள்ளையர் அல்லாதவர்களைத் தடுத்த 1901-ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. அந்த ஆங்கிலக் கனவுக்குள் நம்மைப் போன்றவர்களுக்கு இடம் இல்லை. இன்று அதே வீடுகளைத் தமிழ்க் குடும்பங்களும் ஏலத்தில் எடுக்கின்றன. அது இடிப்பதற்கும் காரணம் ஆகாது, காப்பதற்கும் காரணம் ஆகாது. ஆனால் வீடு சொல்லும் வரலாற்றில் அதுவும் சேர்த்திதான் என்பது என் எண்ணம்.

தாளில் வீடு எந்த இடத்தில் இருக்கிறது?

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் மாநில அளவு மரபுப் பதிவேடு வேறு, உள்ளூர் கவுன்சிலின் ஹெரிடேஜ் ஓவர்லே (மரபுக்காகக் கட்டுப்பாடு விதித்துத் திட்ட வரைபடத்தில் குறித்த பகுதி) வேறு. நாம் பேசும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவதில்தான் வரும், வந்தால். ஓவர்லேக்குள்ளும் மூன்று படி இருக்கிறது. தனியாகவே முக்கியத்துவம் உள்ள வீடு. ஒரு தெருவோ எஸ்டேட்டோ முழுவதும் தொகுதியாகப் பாதுகாக்கப்படும்போது அதற்குப் பங்களிக்கும் வீடு. அதே தொகுதிக்குள் இருந்தும் பங்களிக்காத வீடு.

தகுதியை எட்டு அளவுகோல்களால் பார்க்கிறார்கள், ஏ முதல் எச் வரை. ஓல்ட் இங்கிலிஷ் வீட்டுக்குப் பொதுவாக இரண்டு வரும். ‘டி’ என்பது ஒரு வகையின் முக்கிய லட்சணங்களைத் தெளிவாகக் காட்டுவது. ‘ஈ’ என்பது அழகியல். பேர்பெற்ற கட்டடக்கலைஞர் வரைந்தது என்றால் சில சமயம் ‘எச்’ சேரும். தொகுதிகளுக்கு ‘ஏ’, அதாவது வரலாற்றுப் போக்கு, முக்கியமாகிறது. கேம்பர்வெலின் கோல்ஃப் லிங்க்ஸ் எஸ்டேட் நல்ல எடுத்துக்காட்டு. 1920களின் பிற்பாதியில் கோல்ஃப் மைதானமாக இருந்த நிலத்தை மனைகளாகப் பிரித்தார்கள், பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அங்கே ஒவ்வொரு வீடும் மகத்தானது என்று யாரும் சொல்லவில்லை. ஒரே காலத்தில் எழுந்த தெருவாக, தாழ்ந்த மதில்களோடும் தோட்டங்களோடும் சேர்ந்து நிற்பதுதான் அதன் மதிப்பு.

இந்த வேறுபாட்டைத்தான் வாங்குகிறவர்கள் கவனிப்பதில்லை. ‘ஹெரிடேஜ் இருக்கா இல்லையா’ என்று ஏஜென்ட்டிடம் ஒற்றைக் கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த வீட்டுக்கு, அல்லது தொகுதிக்கு, எழுதப்பட்ட முக்கியத்துவ அறிக்கையைப் படிக்க வேண்டும். எது முக்கியம், எந்த வகையில், ஏன் என்று மூன்று பகுதியாக இருக்கும், ஒன்றிரண்டு பக்கம்தான். அதில் ‘முன்மதில், காரேஜ் உட்பட’ என்று எழுதியிருந்தால் மதிலை இடித்து இரண்டு கார் நிறுத்துகிற யோசனையை அன்றே விட்டுவிடலாம். பின்பக்கத்துச் சேர்க்கைகள் முக்கியமல்ல என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கு வரம்.

ஓவர்லே எதையெல்லாம் தொடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அட்டவணையில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய வீட்டின் உட்புறத்தை அது கட்டுப்படுத்தாது. வீடுகளுக்கு அப்படிக் குறிப்பிடுவது அபூர்வம். அதே பொருளில் அதே விதமாகச் செய்யும் வழக்கமான பழுதுபார்ப்புக்கும் அனுமதி தேவையில்லை. பெயின்ட் அடிக்காத சுவருக்குப் பெயின்ட் அடிக்க அனுமதி வேண்டும், தெருவிலிருந்து தெரியும் சோலார் பலகைக்கும் வேண்டும்.

இடிப்பது

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுகிறவை எல்லாம் பொய்யல்ல. 2024 மே முதல் விக்டோரியாவில் புது வீடு 7 நட்சத்திர ஆற்றல் தரத்தில் இருக்க வேண்டும். வெப்பக்காப்பு (இன்சுலேஷன்) எதுவும் இல்லாத 1930களின் இரட்டைச் செங்கல் சுவர் அதன் பக்கத்தில்கூட வராது. பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்திலேயே படுக்கையறையும் குளியலறையும், புகை வெளியே போகும் சமையலறை, பூஜையறை, வருகிற விருந்தினருக்கு ஒரு அறை என்று நினைத்தபடி வரையலாம். பழைய வயரிங், ஓரங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்ற தலைவலியும் ஒரே வீச்சில் தீரும். ஆஸ்பெஸ்டாஸ் 10 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் உரிமம் பெற்றவர்தான் எடுக்க வேண்டும், அது எப்படியும் செலவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தனி முக்கியத்துவம் உள்ள வீட்டையும் பங்களிக்கும் வீட்டையும் இடிக்க அனுமதி கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். வீடு மோசமான நிலையில் இருக்கிறது என்ற வாதமும் பொதுவாக எடுபடாது, அதைக் கவனிக்காமல் விட்டவரே அந்த வாதத்தைச் சொல்லும்போது இன்னும் எடுபடாது. அனுமதியில்லாமல் கை வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2016-இல் கார்ல்டனில் கார்க்மன் பப் என்ற பழைய கட்டடத்தை உரிமையாளர்கள் திருட்டுத்தனமாக இடித்த பிறகு சட்டம் இறுகியது. சட்டவிரோதமாக இடித்த மனையில் 10 வருடம் வரை எதுவும் கட்டவிடாமல் செய்ய இப்போது வழி இருக்கிறது.

ஓவர்லே இல்லாத வீடு என்றால் இஷ்டம்போல் இடிக்கலாமா? அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. பாதிக்கு மேல் இடிக்கவோ தெருமுகப்பை எடுக்கவோ விண்ணப்பித்தால், கட்டடச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி அது முதலில் கவுன்சிலிடம் போகிறது. வீட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்று கவுன்சில் நினைத்தால், அந்த இடைவெளியில் அமைச்சரிடம் இடைக்காலப் பாதுகாப்பு கேட்கலாம். சுற்றிலும் மரபு ஆய்வு நடந்துகொண்டிருக்கும் தெருவில் பழுதில்லாத ஓல்ட் இங்கிலிஷ் வீட்டை இடிப்பதற்கென்றே வாங்குவது சூதாட்டம்.

அப்புறம் கவனென்ட். இந்த எஸ்டேட்டுகளைப் பிரித்து விற்றபோது மனைக்கு ஒரு வீடுதான், சுவர் செங்கல்லில் இருக்க வேண்டும், கூரை ஓட்டில் இருக்க வேண்டும் என்றெல்லாம் பத்திரத்தில் நிபந்தனை எழுதிவைத்தார்கள். 90 வருடம் கழித்தும் அவை செல்லும். பலன் பெறுகிற அக்கம்பக்கத்தார் ஒருவர் எதிர்த்தாலே நீக்குவது பெரும்பாடு. மரபு அலுவலர் சம்மதித்தும் கவனென்ட்டால் மனையில் இரண்டு யூனிட் (தனித்தனி வீடு) கட்டும் திட்டம் படுத்துவிட வாய்ப்பு உண்டு.

இடிப்பது நியாயமாகிற வீடும் இருக்கிறது. 1970களில் ஈயப்பட்டை ஜன்னலைக் கழற்றி அலுமினியம் போட்டு, அப்புறம் செங்கல்லுக்கு வெள்ளை அடித்து, பிறகு கூரையை வெட்டி மேலே ஒரு பெட்டியை ஏற்றி வைத்த வீடு. எந்த அளவுகோலில் வைத்தாலும் அது தேறாது. தொகுதிக்குள் பங்களிக்காத வீடாகவே குறித்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டுத் தெருவின் உயரத்துக்கும் முன்வெளிக்கும் மரியாதை கொடுத்து நல்ல புது வீடு கட்டினால் தெருவுக்கே லாபம்.

முகப்பை மட்டும் நிறுத்துவது

இதை நான் ஏன் ஒதுக்குகிறேன் என்றால், ஓல்ட் இங்கிலிஷ் வீட்டின் உயிர் முகப்புச் சுவரில் இல்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக எழும் கூரைகளின் ஆழம், அவற்றுக்கு நடுவிலிருந்து கிளம்பும் புகைபோக்கி, தோட்டத்தில் நடந்து வரும்போது மாறிக்கொண்டே இருக்கும் கோணம் ஆகியவற்றில் இருக்கிறது. சுவரை மட்டும் நிறுத்தினால் அது சினிமா செட். இரும்பு முட்டுக்கொடுத்துச் சுவரைத் தாங்கி நிறுத்தும் செலவும் உண்டு, புது வீட்டின் சுதந்திரமும் கிடைக்காது. முன்னறைகளின் ஜன்னல் எங்கே, தரைமட்டம் எங்கே என்பதைப் பழைய சுவர்தான் தீர்மானிக்கும். கவுன்சில்களும் இதை விரும்புவதில்லை.

பின்னால் சேர்ப்பது

இங்கேதான் இந்தப் பாணி தன் உரிமையாளருக்கு ஒரு சலுகை தருகிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. அதே காலத்துக் கலிபோர்னிய பங்களாவுக்குக் கூரை தாழ்வு. பின்னால் மாடி எடுத்தால் தெருவிலிருந்து தலை தெரியும். ஓல்ட் இங்கிலிஷ் வீட்டுக்கோ கூரை முகடு மிக உயரம். எதிர்ப்புற நடைபாதையில் நிற்கும் ஒருவரின் கண்ணிலிருந்து அந்த முகட்டின் மேல் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்குக் கீழே பின்பக்கம் இரண்டு தளத்தைக்கூட மறைக்க முடியும். கவுன்சிலில் கேட்கும் பார்வைக்கோட்டுப் படம் இதுதான். வீடு வாங்கும் முன்பே கட்டடக்கலைஞரிடம் சொல்லி இந்த ஒரு குறுக்குவெட்டை வரையச் சொல்லுங்கள், விலைபேச உதவும்.

எதை வைத்துக்கொள்வது? முன்னறைகள், பிரதான கூரை முழுவதும், தெரியும் புகைபோக்கிகள் எல்லாம். அடுப்பு எரிப்பதில்லை என்று புகைபோக்கியை எடுக்க நினைப்பார்கள், அது வேண்டாம். உள்ளே காற்று இறங்காமல் ஒரு மூடியைப் போட்டால் போதும். பின்பக்கத்துப் பழைய சமையலறையும் துணி துவைக்கும் கொட்டகையும் பெரும்பாலும் யாருக்கும் முக்கியமில்லை, அவற்றை எடுத்துவிடலாம்.

புதுப் பகுதியும் டியூடராகவே இருக்க வேண்டுமா? ‘மேட்ச் ஆகணும்’ என்று பலர் ஆசைப்படுகிறார்கள். ஆஸ்திரேலிய மரபுப் பாதுகாப்புக்கு அடிப்படையான பர்ரா சாசனம் இதில் தெளிவாக இருக்கிறது. புதுவேலை புதுவேலை என்று அடையாளம் தெரிய வேண்டும், ஆனால் பழையதை மதித்து நிற்க வேண்டும். தேவையான அளவு மாற்று, முடிந்த அளவு குறைவாக மாற்று என்பதும் அதில்தான் வருகிறது. நடைமுறையிலும் இது லாபம். பழைய செங்குத்துக் கூரையோடு புதுக் கூரையை இணைத்தால் பள்ளம் விழுந்து மழைநீர் தேங்கி ஒழுகும். நடுவில் தாழ்ந்த தட்டைக் கூரையும் கண்ணாடியுமாக ஒரு சிறு இணைப்பு வைத்துவிட்டு அதன் பிறகு புதுப் பகுதியைத் தொடங்கினால் ஒழுகலும் இல்லை, வேஷமும் இல்லை. கிளிங்கர் செங்கல்லுக்குப் புதுச் சந்தையில் பொருத்தம் தேடி அலையவும் வேண்டாம்.

இந்த வழி எல்லா மனைக்கும் ஒரேபோல் இனிக்காது. தெற்கு அரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. பின்தோட்டம் வடக்கே இருந்தால் சேர்க்கும் கூடத்துக்குக் குளிர்கால வெயில் நேராக இறங்கும், அதைவிட என்ன வேண்டும். பின்பக்கம் தெற்காக இருந்தால் உயரமான பழைய கூரையே புதுக் கூடத்துக்கு நிழல் போடும். அப்போது நடுவில் ஒரு முற்றம் விட்டு அதன் வழியாக வெளிச்சம் எடுக்க வேண்டும், நிலத்தில் கொஞ்சம் இழப்பு. (வாஸ்துவின் ஈசான மூலை இங்கே எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டு ஜோசியர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.) நட்சத்திரத் தரத்தில் பழைய முன்னறைகள் புதுப் பகுதிக்கு நிகராகாது என்பதும் உண்மைதான். மேற்கூரையில் காப்பு, தரைக்கு அடியில் காப்பு, ஈயப்பட்டை ஜன்னலுக்கு உள்ளே இரண்டாவது கண்ணாடி என்று செய்தால் படுக்கையறைகளாக வைத்துக்கொள்ளப் போதும். பகலெல்லாம் இருக்கிற இடம் எப்படியும் புதுப் பகுதிதான்.

நான்காவது வழி, அப்படியே வைத்துப் பழுதுபார்ப்பது, பேர்பெற்ற கட்டடக்கலைஞர் வரைந்து தனி முக்கியத்துவம் பெற்ற வீட்டுக்கும் சிறு குடும்பத்துக்கும் பொருந்தும். மரப்பலகை பதித்த கூடமும் செங்கல் வளைவு வைத்த கணப்பும் அசலாக இருக்கும் வீட்டில் எனக்கானால் கை வைக்க மனம் வராது, சட்டம் தடுக்காவிட்டாலும். ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு குளியலறையைக் காட்டி இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விக்டோரியாவில் ஏலத்தில் எடுத்த வீட்டுக்கு மனம் மாறித் திருப்பித் தரும் அவகாசம் கிடையாது. சுத்தியல் விழுந்தால் வீடு உங்களுடையது. ஆகவே ஏலத்துக்கு முந்தைய வாரமே விற்பவர் தரும் செக்‌ஷன் 32 ஆவணத்தில் ஓவர்லே எண்ணையும் கவனென்ட்டையும் தேடுங்கள். ஓவர்லே இருந்தால் முக்கியத்துவ அறிக்கையை எடுத்துப் படியுங்கள். இல்லையென்றால் அந்தத் தெரு இப்போது ஏதாவது மரபு ஆய்வில் இருக்கிறதா என்று கவுன்சில் திட்டப்பிரிவுக்கு ஒரு போன் போடுங்கள். வணிக மையங்களையும் ரயில் நிலையங்களையும் சுற்றி வீடுகளின் அடர்த்தியைக் கூட்டும் மாநிலத் திட்டத்தில் கேம்பர்வெல் ஜங்ஷனும் இருக்கிறது, ஆகவே மனை அந்த எல்லைக்குள் வருகிறதா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம். மனைக்கு இரண்டு யூனிட் என்பதுதான் உங்கள் கணக்கு என்றால் கவனென்ட் இல்லாத, 1960களில் கட்டிய சாதாரண வீடு ஒன்று கொஞ்சம் தள்ளிக் கிடைக்கும். அதை வாங்குங்கள்.